பிரிப்பதற்கு முன் வளர்க்க வேண்டிய தோல்

2001 ஏப்ரலில் சிங்கப்பூர் பொது மருத்துவமனையில், தலையோடு தலை ஒட்டிப் பிறந்த நேபாளக் குழந்தைகள் இருவரைப் பிரிக்கும் அறுவை 97 மணி நேரம் நடந்தது. நரம்பியல் அறுவை மருத்துவர் கீத் கோவும் அவருடைய குழுவினரும் நான்கு நாள் மாறி மாறி நின்றார்கள். அன்றைய செய்திகள் எல்லாம் ஒட்டியிருந்த இரண்டு மூளைகளையும், பின்னிக் கிடந்த ரத்தக் குழாய்களையும், மணிக்கணக்கையும் சொல்லி வியந்தன. பிரித்த பிறகு திறந்து கிடந்த இரண்டு மண்டைகளையும் எலும்பையும் கோர்டெக்ஸ் என்ற செயற்கை இழையையும் கொண்டு கட்டி, மேலே தோல் போர்த்தினார்களே, அந்த வேலைக்குச் செய்தியின் கடைசி வரிதான் கிடைத்தது. ஒட்டிப்பிறந்த இரட்டையரைப் பிரித்த வரலாற்றை நாம் வெட்டிய கதையாகவே படித்து வந்திருக்கிறோம். அதை மூடிய கதையாகப் படித்தால்தான் எந்த அறுவை ஏன் வென்றது, எது ஏன் தோற்றது என்பது விளங்கும் என்பது என் வாதம். அந்தக் கதையில் முதல் இடம் பிளாஸ்டிக் சர்ஜரிக்கு உரியது. அந்த மருத்துவமனை இருக்கும் அவுட்ரமுக்கு அருகில்தான் தஞ்சோங் பகார் ரயில் நிலையம் இருந்தது. மலேசியாவின் ஜொகூரில் குளுவாங்கையும் ரெங்கத்தையும் கடந்து தெற்கே வரும் தண்டவாளம் அங்கேதான் முடிந்தது. உலகமே பார்த்த அந்த அறுவை ரெங்கத்துக்காரர்கள் அப்போது ஒரே ரயிலில் போய் இறங்கிய ஊரில் நடந்ததால், இந்த வரலாற்றை ரெங்கத்தில் நின்றே பார்க்கலாம்.

முதலில் ஒரு கணக்கு. இரண்டு உடல்கள் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டப் பரப்பில் ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வெட்டிப் பிரித்தவுடன் ஒவ்வொரு குழந்தையின் உடலிலும் ஏறக்குறைய 78.5 சதுர சென்டிமீட்டர் வெறும் புண்ணாகத் திறந்திருக்கும். இரண்டுக்கும் சேர்த்து 157. அந்த இடத்தில் தோல் ஒருநாளும் இருந்ததில்லை. கருவில் உடல்கள் சேர்ந்தே வளர்ந்ததால் அங்கே தோல் உண்டாகவே இல்லை. இல்லாத தோலை எங்கிருந்தோ கொண்டுவந்தாக வேண்டும். பக்கத்துத் தோலை இழுத்துத் தைத்துவிடலாமே என்று தோன்றும். மார்பு ஒட்டிய குழந்தைகளிடம் அப்படி இழுத்து மூடினால் இதயமும் நுரையீரலும் நெரிபட்டு, தையல் முடிந்த சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம். வயிற்றை இழுத்து மூடினால் குடலுக்குப் போகும் ரத்தம் குறையும். தலையில் இழுக்கத் தோலே இருக்காது. தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து ஒட்டலாம் என்றால், அந்த ஒட்டு பிடிப்பதற்கு அடியில் ரத்தம் ஊறும் சதை வேண்டும். வெறும் எலும்பின் மேலும், நீர் கசியும் மூளையுறையின் மேலும் அது பிடிக்காது. மூளையைச் சுற்றியுள்ள நீர் வெளியே கசிந்தால் கிருமி உள்ளே போகும், மூளைக்காய்ச்சல் வரும். இரண்டு மூளைகளையும் கீறல் இல்லாமல் பிரித்த கை தோற்றுப்போவது இந்த இடத்தில்தான்.

பழைய வெற்றிகளைத் திரும்பிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பத்தாம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில், ஒட்டிப்பிறந்த ஆண்கள் இருவரில் ஒருவர் இறந்ததும் மற்றவரைக் காப்பாற்ற உடலை வெட்டிப் பிரித்தார்கள். பிழைத்தவர் மூன்று நாளே இருந்தார். 1689இல் பாசல் நகரத்தில் யோஹானஸ் ஃபாத்தியோ கொப்பூழ் அருகே ஒட்டியிருந்த இரண்டு பெண் சிசுக்களை, நடுவிலிருந்த பாலம் போன்ற சதையைக் கட்டி அறுத்துப் பிரித்தார். இருவரும் பிழைத்தார்கள். 1902 பிப்ரவரியில் பாரிஸில் யூஜின் லூயி டோயன் பிரித்த ராதிகா, தூதிகா என்ற சிறுமிகள் ஒடிசாவில் பிறந்தவர்கள். சர்க்கஸ் கூடாரங்களில் ஐரோப்பா முழுக்கக் காட்சிப் பொருளாக நிறுத்தப்பட்டவர்கள். ஒருத்திக்குக் காசநோய் முற்றியதால் மற்றவளையாவது காப்பாற்ற அவசரமாகக் கத்தி எடுத்தார் டோயன். அதைத் திரைப்படமாகவும் பிடித்தார். தூதிகா சில நாட்களில் இறந்தாள். ராதிகா அடுத்த ஆண்டில் அதே நோயால் இறந்தாள். பாசலிலும் பாரிஸிலும் குழந்தைகளைச் சேர்த்திருந்தது மார்புக்குக் கீழே ஒரு குறுகிய சதைப்பாலம்தான். வெட்டியதும் சுற்றியுள்ள தோலைக் கூட்டித் தைக்க முடிந்தது. ஆக, அந்த மருத்துவர்கள் வென்றது கத்தியின் திறமையால் மட்டும் அல்ல, மூட வேண்டிய பரப்பு சிறியதாக இருந்ததாலும்தான். பரப்பு பெரிதாக ஒட்டியவர்கள் பக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வெற்றி என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லை.

இப்போது ரெங்கத்துக்கு வருவோம். கிம்மாஸையும் ஜொகூர் பாருவையும் இணைத்த ரயில்பாதை 1909இல் முடிந்தது. பாதையை ஒட்டிக் காடு வெட்டப்பட்டு கித்தா எனும் ரப்பர்த் தோட்டங்கள் வந்தன. தமிழகத்திலிருந்து வந்த ஆட்கள் லயங்கள் எனும் வரிசை வீடுகளில் குடியேறினார்கள். 1920களில் ஜொகூர் கடற்பாலம் திறந்த பிறகு ரயில் நேராகச் சிங்கப்பூருக்கே போனது. 1930களில் இந்த வட்டாரத்தின் ஒரு லயத்தில் இடுப்பு ஒட்டிய இரட்டையர் பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ரயில் இருந்தது. சிங்கப்பூரில் பெரிய மருத்துவமனை இருந்தது. மயக்க மருந்து இருந்தது, எக்ஸ்ரே இருந்தது, வெட்டத் தெரிந்த கைகளும் இருந்தன. அப்படியும் அந்தக் குழந்தைகள் பிழைத்திருக்க வழியில்லை. ரத்தம் ஏற்றும் வசதி கைக்கெட்டாததும் பெனிசிலின் வராததும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அவை இரண்டும் இருந்திருந்தாலும், இடுப்பிலும் அடிவயிற்றிலும் திறந்து கிடக்கும் அத்தனை பெரிய புண்ணை மூட யாரிடமும் வழி இருந்திருக்காது. திறந்த புண் என்ன செய்யும் என்பது அன்றைய தோட்டத்துக்குப் புதிதல்ல. மலாயாத் தோட்டங்களில் கால்புண் ஆட்களை வாட்டிய பெரிய நோய்களில் ஒன்று. தோட்ட ஆஸ்பத்திரியின் டிரஸ்ஸர் காலையில் கழுவி, மருந்து வைத்து, துணி சுற்றுவார். தோல் சேராதவரை அது ஆறாது. சிறிய கீறலில் தொடங்கியது எலும்பைத் தொட்டுக் காலையே எடுக்க வைத்த கதைகளும் உண்டு. டிரஸ்ஸர்கள் நாள்தோறும் கண்ட அந்த உண்மையைத்தான் பின்னாளில் இரட்டையரைப் பிரித்தவர்களும் சந்திக்க நேர்ந்தது.

மூடுகிற கலைக்கு ஒரு தனி வரலாறு உண்டு. அது இரட்டையரைப் பற்றிய கவலை எதுவும் இல்லாமல் வளர்ந்தது. 1792 மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவரைத் திப்புவின் ஆட்கள் பிடித்து மூக்கை அறுத்தார்கள். ஓராண்டு கழித்து, புனே பக்கத்தில் செங்கல் சுடும் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புதிய மூக்கு வைத்தார். 1794இல் லண்டன் ஜென்டில்மேன்ஸ் மேகசினில் அந்த முறை விவரமாக வெளிவந்தது. அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கு வடிவில் பொருத்திப் பார்த்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டார்கள். அந்தக் கோட்டின்படி நெற்றித் தோலை உரித்தார்கள், ஆனால் இரண்டு கண்களுக்கும் நடுவில் ஒரு சிறு துண்டை மட்டும் வெட்டாமல் விட்டார்கள். அந்தத் துண்டு வழியாக ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். தோலைத் திருப்பிக் கீழே இறக்கி மூக்காகப் பதித்து, அது புதிய இடத்தில் வேர்பிடித்த பின்னரே, மூன்று வாரத்துக்கு மேல் பொறுத்து, அந்த இணைப்பை அறுத்தார்கள். லண்டனில் ஜோசப் கார்ப்யூ இதைப் படித்து 1814இல் செய்து காட்டினார். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு ஹரோல்ட் கில்லீஸ் தோலைக் குழாயாகச் சுருட்டி இடம் மாற்றியதும் இதே விதியின் மேல்தான்: ரத்த ஓட்டம் அறாத தோல் சாகாது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை தேவை. சுஸ்ருதர் காலத்திலேயே எல்லாம் இருந்தது, இரட்டையரைப் பிரிக்கும் அறிவும் நம்முடையதே என்று பேசிவிடும் ஆசை நமக்கு எளிதில் வரும். அது பொய்ப் பெருமை. சுஸ்ருத சம்ஹிதை கன்னத்துத் தோலால் மூக்கு அமைப்பதைச் சொல்கிறது. புனே கைவினைஞர் எடுத்தது நெற்றித் தோல். அவருக்கும் அந்த நூலுக்கும் நடுவில் என்ன தொடர்பு என்பதை இன்று யாரும் உறுதியாகக் காட்டிவிட முடியாது. இரட்டையரைப் பிரிக்க இவர்கள் யாரும் முயன்றதும் இல்லை. ஆனாலும் கடன் உண்டு. ரத்தக் குழாயோடு சேர்த்துத் தோலை நகர்த்துவது, வெட்டும் முன்பே ஒரு அச்சை வைத்து அளந்து கோடு போடுவது என்ற இரண்டும் ஏட்டில் பெயர்கூட வராத ஒரு கைவினைஞர் வழியாகவே மேற்கத்திய அறுவை மேடைக்குத் திரும்ப உயிரோடு போய்ச் சேர்ந்தன. இன்று இரட்டையரின் தலையைக் கணினியில் வரைந்து அதே அளவில் மாதிரி அச்சிட்டு, எந்தத் தோல்மடலை எங்கே திருப்புவது என்று முன்கூட்டியே குறிக்கும் குழு அந்த மெழுகுத் தகட்டின் வேலையைத்தான் செய்கிறது.

ஆனால் இடம் மாற்றுவதற்கு ஓர் எல்லை உண்டு. ஒரு வயதுக் குழந்தையின் உடம்பில் எத்தனை தோலை எடுத்துவிட முடியும்? இந்தச் சிக்கலை அவிழ்த்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. 1957இல் சார்லஸ் நியூமன் என்பவர் ஒரு நோயாளியின் காது அருகே தோலுக்கடியில் ரப்பர் பலூனை வைத்துச் சிறிது சிறிதாகக் காற்றேற்றிக் கூடுதல் தோலைப் பெற்றார். பிறர் அதைக் கவனிக்கவில்லை. 1976இல் செடோமிர் ராடோவன் சிலிகான் பலூனை வைத்து அதே வழியை மறுபடி முன்வைத்த பிறகுதான் அது நடைமுறையாக நிலைத்தது. முறை இதுதான். தோலுக்கடியில் ஒரு பையை அமைத்துப் பலூனைச் சுருக்கி வைத்துத் தைத்துவிடுவார்கள். தையல் ஆறிய பிறகு வாரம் ஒருமுறையோ இருமுறையோ மெல்லிய ஊசியால் அதன் வாயில் உப்புநீர் ஏற்றுவார்கள். மேலே உள்ள தோல் வெளுக்கத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும், நிறம் திரும்பாவிட்டால் கொஞ்சம் நீரைத் திரும்ப எடுக்க வேண்டும். அப்படியே இரண்டு மூன்று மாதம் போகும். அது வெறுமனே நீளுவதில்லை, பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றுத் தோல் போலப் புதிய அணுக்கள் பிறந்து உண்மையாகவே வளர்கிறது. பலூனைச் சுற்றி உருவாகும் உறை ரத்தக் குழாய்கள் நிறைந்ததாக இருப்பதால், அந்தத் தோலை மடலாகத் திருப்பினால் சாதாரணத் தோலைவிட நன்றாகப் பிழைக்கிறது. ஒட்டிய குழந்தைகளிடம் இது எளிதல்ல. மல்லாந்து படுத்தாலும் ஒருக்களித்தாலும் பலூன் மேல் பாரம் விழும். சிசுத் தோல் மெல்லியது, பலூன் அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். ஒருமுறை கிருமி புகுந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிரிக்கும் நாளைக் குறிப்பது பல நேரம் இந்தப் பலூன்தான்.

இனி பெரிய அறுவைகளை இந்தக் கண்ணால் பார்க்கலாம். 1952 டிசம்பரில் சிகாகோவில் தலை ஒட்டிய ஆண் குழந்தைகளை ஆஸ்கர் ஷுகர் பிரித்தார். ஒரு குழந்தை 34 நாளில் இறந்தது, மற்றது பதினொரு வயதுவரை வாழ்ந்தது. அந்த அறுவையைப் பற்றி 1953இல் வந்த மருத்துவக் கட்டுரையில் பிளாஸ்டிக் சர்ஜன் பால் கிரீலியின் பெயரும் இருக்கிறது. அப்போது பலூன் இல்லை. 1987இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பென் கார்சனின் குழு 22 மணி நேரத்தில் பிரித்த ஜெர்மன் குழந்தைகளின் தலைத்தோலைப் பலூன் மூலம் முன்பே வளர்த்திருந்தார்கள். 2003 அக்டோபரில் டாலஸில் எகிப்திய இரட்டையரைப் பிரித்த முயற்சிக்குத் தலைமை தாங்கியவரே கென்னத் சால்யர் என்ற பிளாஸ்டிக் சர்ஜன். அங்கும் பலூன் மாதக்கணக்கில் முன்னால் வைக்கப்பட்டது. 2009இல் மெல்பர்னில் வங்காளதேசக் குழந்தைகளைப் பிரித்தபோது மூளையைப் பிரித்தது ஒரு குழு, அது முடிந்ததும் மணிக்கணக்கில் தலையைக் கட்டியெழுப்பியது டோனி ஹோம்ஸின் குழு. 2017இல் டெல்லி எய்ம்ஸில் ஒடிசாக் குழந்தைகளை ஆகஸ்டிலும் அக்டோபரிலும் இரண்டு கட்டமாகப் பிரித்தார்கள். பிரித்து முடித்ததும் இரண்டு தலைகளிலும் விழுந்திருந்த பெரிய திறப்பை மூடுவதே அடுத்த பெரும் சவால் என்று பிளாஸ்டிக் சர்ஜரித் துறையின் மனீஷ் சிங்கால் அன்றே எடுத்துச் சொன்னார். 115 ஆண்டுக்கு முன் பாரிஸில் அவசரமாகக் கத்தி எடுக்க நேர்ந்த அதே ஒடிசா மண்ணின் குழந்தைகளுக்கு இந்த முறை தோலைப் பற்றி யோசிக்க ஒரு தனிக்குழு இருந்தது. இடுப்பு ஒட்டியவர்களிடம் இன்னொரு வழி உண்டு. இருவருக்கும் பொதுவாக மூன்றாவது கால் இருந்தால், அதன் எலும்பை நீக்கிவிட்டுத் தசையையும் தோலையும் ரத்தக் குழாயோடு விரித்துத் திறப்பை மூடுகிறார்கள். யாருக்கும் பயன்படாது என்று தோன்றிய உறுப்பு இரண்டு உயிரின் வயிற்றுச் சுவராகிறது. இந்தத் துறையில் நான் மிக மதிக்கும் சிந்தனை இது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. 2003 ஜூலையில் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் மருத்துவமனையில் ஈரானியச் சகோதரிகள் லாதன், லாலே பிஜானி, 29 வயதில், தலையைப் பிரிக்கும் அறுவையில் ஒன்றரை மணி நேர இடைவெளியில் இருவரும் இறந்தார்கள். தோலால் அல்ல. மூளையின் ரத்தத்தை வெளியேற்றும் பெரிய சிரை இருவருக்கும் பொதுவாக இருந்தது, பிரித்தபோது ரத்தம் பெருகி நிற்கவில்லை. ஆகவே சிரையும் இதயமும் கல்லீரலும்தான் முடிவு செய்கின்றன, தோல் கடைசியில் வரும் சங்கதி என்று சொல்பவர்களை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரே இதயம் உள்ள இரட்டையருக்குத் தோல் எவ்வளவு இருந்தும் பயனில்லை. ஆனால் சிரைச் சிக்கலுக்குப் பின்னர் கண்ட விடையைக் கவனியுங்கள். நியூயார்க்கில் ஜேம்ஸ் குட்ரிச்சும் பிளாஸ்டிக் சர்ஜன் டேவிட் ஸ்டாஃபன்பர்க்கும் பிலிப்பீன்ஸ் சிறுவர்களை ஒரே நாளில் பிரிக்காமல், 2003 முதல் 2004 ஆகஸ்ட் வரை பல கட்டங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சில சிரைகளை மூட, உடல் தானே மாற்று வழியை வளர்த்துக்கொள்ளக் காலம் கிடைத்தது. இருவரும் பிழைத்தார்கள். ஒரே தலையை நான்கு முறை திறந்து நான்கு முறை மூட வேண்டுமென்றால், ஒவ்வொரு வெட்டும் அடுத்த மடலின் ரத்த ஓட்டத்தைக் கெடுக்காத இடத்தில் விழ வேண்டும். கட்டம் கட்டமாகப் பிரிப்பது தோலைத் திட்டமிடத் தெரிந்தவர் இல்லாமல் நடக்காது. சிரைக்கு விடை தந்ததிலும் மூடுகிறவரின் பங்கு இருந்தது.

பிரிக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் உண்டு. 1811இல் சயாமில் பிறந்த சாங்கும் எங்கும் 62 வயதுவரை ஒட்டியே வாழ்ந்து, மணம் முடித்து, பிள்ளைகளை வளர்த்தார்கள். பிரிக்காமல் விடுவது பல நேரம் சரியான முடிவு. அந்த முடிவை எடுக்கவும் தோலின் கணக்கு கையில் வேண்டும். மூட முடியுமா என்று தெரியாமல் பெற்றோரிடம் சம்மதம் கேட்பது நியாயம் ஆகாது. இதோடு சேர்ந்த இன்னொரு எண்ணம், பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் அழகு கூட்டும் பணக்காரர் சங்கதி என்பது. அந்த எண்ணம் நம் ஊர்களிலும் ஆழமாக இருக்கிறது. அதனால்தான் தீக்காயத்துக்கும், பிளவுபட்ட உதட்டுக்கும், இயந்திரத்தில் சிக்கிய கைக்கும் அந்தத் துறை செய்யும் வேலை கண்ணில் படாமல் போகிறது. இரட்டையருக்குத் தோல் போர்த்துவது அதே துறையின் அதே வேலை. 2002 செப்டம்பரில் மலேசியச் சிறுவர்கள் இருவர் பிரிக்கப்பட்டது ரியாத்தில், அப்துல்லா அல் ரபியாவின் குழுவால். ஏறக்குறைய 23 மணி நேர அறுவை. ஒட்டிய இரட்டையரைப் பிரிக்கும் சவூதியின் திட்டத்தில் அறுவையைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக்குழுவை வைப்பார்கள். மூடும் கட்டம் பிளாஸ்டிக் சர்ஜரிக் குழுவுடையது. ஒரே அறையில் இத்தனை கைகளும் கூடும் ஏற்பாடுதான் குடும்பங்களைக் கடல் தாண்டவும் வைக்கிறது.

இன்று ரெங்கத்தில் கித்தாவின் இடத்தைப் பெரும்பாலும் செம்பனை பிடித்துவிட்டது, லயங்கள் குறைந்துவிட்டன. கர்ப்பிணிகள் குளுவாங்கின் என்சே பெசார் ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்குப் போகிறார்கள், சிக்கல் என்றால் ஜொகூர் பாருவுக்கு. ஒட்டிய இரட்டையர் என்பது ஸ்கேனில் முதல் சில மாதங்களிலேயே தெரிந்துவிடக்கூடியது. அப்படித் தெரியும் நாளில் கூடும் மருத்துவர்களில் பிளாஸ்டிக் சர்ஜனும் இருக்க வேண்டும். பலூனை எங்கே வைக்கலாம், எந்தத் தோலைக் கெடுக்காமல் காக்க வேண்டும் என்பதைப் பிறந்த முதல் வாரத்திலேயே சொல்ல வேண்டியவர் அவர். ஊசி குத்தும் இடமும் ரத்தக் குழாய்க்கு வெட்டும் இடமும்கூடப் பின்னால் எடுக்கப்போகும் மடலைப் பாதிக்கும். வேலை அறுவையோடு முடிவதும் இல்லை. வடு இறுகும், தலை வளரும், வளராத எலும்பை மறுபடி கட்ட வேண்டும். டாலஸில் 34 மணி நேரத்தில் பிரிந்த எகிப்தியச் சிறுவர்களுக்கு மண்டையோட்டைக் கட்டி முடித்து ஊர் அனுப்ப 2005 வரை ஆனது.